உபதேசியார் வீட்டு ஜெபவேளை

குவைத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். வாரமே அன்றைக்குத்தான் தொடங்குகிறது. பள்ளிக்கூட பஸ்கள் ஓடும். ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்கே டோக்கன் வரிசை நிற்கும். எங்கள் ஆராதனை வெள்ளிக்கிழமை. ஒரே வளாகத்துக்குள் மலையாளம், தெலுங்கு, அரபு, தமிழ் என்று பல சபைகள் நேரம் பிரித்துக்கொண்டிருக்கின்றன. முந்தின சபை வெளியே வர வர, அடுத்த சபை உள்ளே போகும். குளிர்சாதனம் உண்டு, மெத்தை வைத்த நாற்காலி உண்டு, பாட்டின் வரிகள் திரையில் ஓடும். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை ஜெபித்தால் கர்த்தர் கேட்கமாட்டாரா என்ன! ஆனாலும் ஞாயிறு காலையில் சீருடையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது, காது தன்பாட்டுக்கு எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் மணியை.

திருநெல்வேலிச் சீமையில் செம்மண் தேரியை ஒட்டிய ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் மணிக்குக் குளிக்கப் போக வேண்டும். இரண்டாம் மணிக்குள் தலை பின்னி முடித்திருக்க வேண்டும். மூன்றாம் மணி அடிக்கும்போது கோவிலுக்குள் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். மணி அடிப்பது கோவில்குட்டியின் வேலை. எங்கள் கோவில்குட்டி பனையேறியும்கூட. பதநீர்க் காலத்தில் விடியும் நேரத்துக்கு அவர் மரத்து மேலே இருப்பார். அந்த மாதங்களில் முதல் மணியை அப்பாதான் அடிப்பார். கோவில்குட்டி அடித்தால் மணி அவசரப்படும். அப்பா அடித்தால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூச்சு விட இடம் இருக்கும். கயிறு யார் கையில் என்பதைப் படுக்கையில் கிடந்தபடியே சொல்லிவிடுவோம்.

அப்பா உபதேசியார். குருவானவர் அல்ல. எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம். ஒரு சேகரத்துக்கு ஒரு ஐயர். சேகரத்துக்குள் இருக்கும் சிற்றூர்களைப் பார்த்துக்கொள்ள உபதேசியார்கள். ஆராதனை நடத்துவது, பிரசங்கம் பண்ணுவது, ஓய்வுநாள் பள்ளி, வீடு சந்திப்பு, சீக்காளிக்கு ஜெபம், சங்கக் கணக்கு, வேலித் தகராறு, மாமியார் மருமகள் தகராறு, எல்லாம் உபதேசியார் தலையில். திருவிருந்து கொடுக்கும் உரிமை மட்டும் அவருக்குக் கிடையாது. அதற்கு மாதம் ஒருநாள் ஐயர் வருவார்.

ஐயர் வரும் ஞாயிற்றுக்கு முந்தின சாயங்காலம் அப்பா திருவிருந்துப் பாத்திரத்தை எடுத்துப் பல்பொடி தொட்டுத் துடைப்பார். எங்கள் யாரையும் தொட விடமாட்டார். விளிம்பில் ஒரு விரல்தடம் இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து. மறுநாள் அந்தப் பாத்திரத்தை ஐயர் உயர்த்துவார். அப்பா பக்கத்தில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இப்படியே அவர் ஊழியக் காலம் முழுவதும் போயிற்று. தம்பி சின்னவனாக இருந்தபோது ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டான், நீங்க ஏன்ப்பா குடுக்கக் கூடாது என்று.

“கழுவி வைக்கவும் ஒரு ஆள் வேணும்லா” என்றார் அப்பா. அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வந்ததே இல்லை. அவருக்கு அதில் வருத்தம் உண்டா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. துடைக்கும்போது அவர் கை காட்டிய நிதானத்தை நினைத்தால், இருந்திருக்கும் என்றுதான் படுகிறது.

ஆனால் உபதேசியார் என்ற பேரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. முதலூரைப் பற்றிப் பேச்செடுத்தால் நிமிர்ந்து உட்காருவார். திருநெல்வேலியின் முதல் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவக் குடியிருப்பு, 1799இல் உண்டானது. அதற்கு முன்னின்ற தாவீது சுந்தரானந்தம் ஒரு உபதேசியார். “பிஷப்புமாரெல்லாம் பொறவு வந்தவங்க, மக்கா” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் எந்த பிஷப்பும் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்வது மாதிரி வாசலைப் பார்ப்பார். தென்னிந்தியத் திருச்சபை ஒன்றானது 1947 செப்டம்பர் 27. அப்பா பிறந்ததும் அதே வருஷம். நானும் சபையும் ஒரே வயசு, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மூட்டுவலி என்பார்.

விடுமுறை நாட்களில் என்னை சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து இடையன்குடிக்குக் கூட்டிப்போவார். தேரி மணலில் சைக்கிள் உருளாது. இறங்கித் தள்ளுவார், நான் மட்டும் மேலேயே உட்கார்ந்திருப்பேன். மிஷனரி கால்டுவெல் சென்னையிலிருந்து நடந்தே தெற்கே வந்த கதை, 1841இல் இந்த உடைமரக் காட்டுக்குள் வந்து சேர்ந்த கதை, இந்தக் கோவிலைக் கட்டி முடிக்க முப்பது வருஷத்துக்கும் மேல் ஆகி 1880இல் பிரதிஷ்டை நடந்த கதை எல்லாம் அவர் மூச்சிரைப்புக்கு நடுவே வரும். மற்றவர்கள் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அப்பா கால்டுவெல்லின் மனைவி எலிசா அம்மாளைப் பற்றிச் சொல்வார். நாகர்கோவிலில் மிஷனரி வீட்டில் பிறந்தவர், கால்டுவெல்லைவிட நன்றாகத் தமிழ் பேசியவர், இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். “அந்தம்மா இல்லன்னா இவரு பாதிதான்.” வீட்டுக்கு வந்ததும் அதையே அம்மாவிடம் ஒருமுறை சொல்லிக் காட்டுவார். அம்மா புரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

அம்மாவை அப்பா டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. அம்மா பக்கத்து ஊர் டயோசீசன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். முதல் பஸ்ஸை விட்டால் பள்ளிக்கூடம் போய்ச் சேர முடியாது. அதனால் என் தலையைப் பின்னியது அப்பா. ஊரில் வேறெந்த வீட்டிலும் ஆம்பிளை செய்யாத வேலை. அதைத் தெருவைப் பார்த்த திண்ணையில் உட்கார்ந்துதான் செய்வார். மடியில் தேங்காயெண்ணெய்க் கிண்ணம். வாயில் ரிப்பன். வகிடு எடுக்கும்போது மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். பின்னல் என்னவோ நன்றாக வராது. ஒன்று மேலே, ஒன்று கீழே. இறுக்கம் மட்டும் அசாத்தியம். சாயங்காலம் வரை கண் இரண்டும் மேலே இழுபட்டுக் கிடக்கும். அவ்வழியே போகிறவர்கள், “என்ன உபதேசியாரே, கயிறு திரிக்கிறீரா?” என்பார்கள். “ஸ்தோத்திரம்” என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த பிரியை எடுப்பார்.

அவருக்கு எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்தான். யாராவது வந்தால் ஸ்தோத்திரம். போனாலும். பால் பொங்கி வழிந்தால் ஒன்று, மின்சாரம் திரும்பி வந்தால் ஒன்று. எத்தனை விதமான ஸ்தோத்திரங்கள்! குவைத்தில் யாரும் என்னிடம் அதைச் சொல்லாமல் இல்லை, வெள்ளிக்கிழமை தோறும் கைகுலுக்கிச் சொல்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது.

அம்மாவுக்கு இளைப்பு உண்டு. மார்கழியில் விடியற்காலம்தான் அதிகம் படுத்தும். அப்பா மூன்றரைக்கே எழுந்து அடுப்பு மூட்டி, சுக்குத் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி வைப்பார். இரண்டு டம்ளருக்கு நடுவே அவர் ஆற்றும் சத்தம் கேட்கும். பிறகு அம்மாவின் முதுகை நீவுகிற சத்தம். பிறகு இருவரும் மெதுவாக ஏதோ பேசிக்கொள்வது. என்ன பேசுவார்கள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அப்போது தோன்றவில்லை, அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதே போதுமாயிருந்தது, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இன்னொரு தூக்கம் போடலாம். கருப்பட்டி இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது. சுக்கும் கிடைக்கிறது. இரவு டியூட்டி முடிந்து வந்து நானும் போட்டுக் குடிக்கிறேன். காப்பிதான்.

அவருடைய பிரசங்கங்களைப் பற்றி நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. பிரசங்கியாரின் மகள் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். உண்மையில் அவர் பெரிய பிரசங்கி அல்ல. கன்வென்ஷன் மேடைக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கிழித்த தினக்காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, சாக்குத் தைக்கிற நூலால் கோத்து வைத்திருப்பார். எப்போதும் மூன்று தலைப்பு. வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். அம்மா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே கேட்பார். “ரெண்டாவது தலைப்பு வேண்டாம், இழுக்குது” என்றால் அப்பா இரண்டாவது தலைப்பை அடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அது எப்படியோ திரும்ப வந்திருக்கும். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா தலையைக் குனிந்துகொள்வார்.

அவர் நரகத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. விடிகாலையிலும் சாயங்காலத்திலும் மரம் ஏறி இறங்குகிற ஆட்களிடம் விழுவதைப் பற்றி நாம் என்ன சொல்ல என்பார்.

இன்றைக்குக் கைபேசியைத் தொட்டால் எந்த ஊர்ப் பிரசங்கியாரும் வந்து நிற்கிறார். அருமையாகப் பேசுகிறார்கள், அப்பாவைவிட நன்றாகவே பேசுகிறார்கள். வேதாகமத்தை வாசித்துக் காட்டுகிற செயலியும் உண்டு. கம்பீரமான ஆண் குரல், ஒரு உச்சரிப்பும் பிசகாது. அப்பா வாசித்தால் நீளமான வம்சவரலாறு வரும் இடத்தில் தடுக்குவார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடியும் முதல் பேரிலிருந்து தொடங்குவார். அந்தச் செயலிக்குத் தொண்டையே கிடையாது.

ஆராதனை முடிந்தபின் நடக்கும் ஏலத்தைச் சொல்லாமல் அப்பாவைச் சொல்லி முடிக்க முடியாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு கைப்பிடி அள்ளித் தனியாக ஒரு பானையில் போடுவார்கள். அது கோவிலுக்கு. மாசக் கடைசியிலும் அம்மாவின் கை அந்தப் பானைக்குப் போகும். பிடி கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். அந்தக் கைப்பிடி அரிசியோடு முருங்கைக்காய், பனங்கிழங்கு, கருப்பட்டி, கால் கட்டிய கோழி என்று வீட்டில் முதலில் விளைந்தது எதுவானாலும் காணிக்கையாக வரும். அப்பா அங்கியைக் கழற்றி மடித்துத் திண்ணையில் வைப்பார். அதோடு உபதேசியார் போய் ஏலக்காரர் வந்துவிடுவார்.

ஒருநாள் கீழத்தெருவில் தனியாக இருந்த ஒரு பாட்டி ஒரே ஒரு முட்டையை மடியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அப்பா அதை இரண்டு விரலில் பிடித்துச் சூரியனுக்கு நேரே காட்டினார். “நாட்டுக்கோழி. சொந்தக் கோழி. பாட்டி இதைத் திங்காம கொண்டாந்திருக்கா. கேளுங்க!” இரண்டு ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் கோவிலுக்கே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஏலம். ஐந்து ரூபாய். அவரும் திருப்பிக் கொடுத்தார். ஒருதரம், ரெண்டு தரம் என்று அப்பாவின் குரல் ஏற ஏற, முட்டை கைமாறிக் கைமாறி வந்தது. எங்கே உடைந்துவிடுமோ என்று பிள்ளைகள் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பாட்டி முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அப்பாவே ஒரு தொகை சொல்லி, தானே மூன்று தரமும் சொல்லி, முட்டையைக் கொண்டுபோய்ப் பாட்டியின் கையில் வைத்தார். “அவிச்சுத் திங்கணும். ராத்திரியே.”

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா, “பால்காரிக்கு என்ன சொல்ல?” என்று மட்டும் கேட்டார்.

“அவளும் ஏலத்தைப் பாத்துட்டுதான நின்னா?” என்றார் அப்பா.

எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. சில வருஷத்துக்கு ஒரு மாற்றல் வரும். ஒவ்வொரு ஊரிலும் கோவிலை ஒட்டி ஓர் உபதேசியார் வீடு. போன உபதேசியாரின் பிள்ளைகள் சுவரில் உயரம் குறித்த கோடுகள் மேல் நாங்கள் எங்கள் கோடுகளைப் போடுவோம். அம்மா நட்ட முருங்கை காய்க்கத் தொடங்கும்போது லாரி வந்துவிடும். அந்த வீடுகளில் ஒன்றுகூட இப்போது அப்படியே இல்லை. போன தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன். ஓடு போய்த் தளம் வந்திருக்கிறது, தளத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி. வசதிதான். எங்கள் கோடுகள் இருந்த சுவர் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எல்லா ஊரிலும் மாறாமல் இருந்தது ஏழரை மணி ஜெபம்.

பாயை விரித்து வட்டமாக உட்காருவோம். ஒரு கீர்த்தனை. ஒரு சங்கீதம், ஆளுக்கொரு வசனமாக. பிறகு முழங்கால்படியிட வேண்டும். அப்பா ஒருதரம் கனைப்பார். அப்புறம் பேர்கள் தொடங்கும். ஊரில் இருக்கிற ஆச்சி, அம்மாவின் தங்கைமார், அவர்கள் பிள்ளைகள். அப்புறம் தெருத் தெருவாக ஊர். மேலத்தெருத் தாத்தாவின் கண். மரத்திலிருந்து விழுந்தவனின் கால். காணாமல் போன ஆடு. வரன் தட்டிப்போய்க்கொண்டே இருக்கும் பெண். கோவிலுக்கு வருகிறவர்கள் மட்டுமல்ல, பத்திரகாளியம்மன் கோவில் கொடைக்கு வரி போடுகிறவர்களின் பேரும் வரும். எங்களுக்கு முழங்கால் மரத்துவிடும். தம்பி அப்படியே சாய்ந்து தூங்கிவிடுவான்.

எங்கள் பேர் கடைசியில் வரும். அது ஆபத்தான இடம். மத்தியானம் யாருக்கும் தெரியாமல் நடந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் சண்டை, ஒளித்து வைத்த கணக்குப் பரீட்சைத் தாள், எல்லாம் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். கர்த்தரிடம் சொல்லிவிடுவார், அதுவும் எங்களுக்காகப் பரிந்து பேசுகிற குரலில். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட இரண்டு அடி வாங்கியிருக்கலாம். தன் பேரை மட்டும் அப்பா சொல்லமாட்டார். ஆமென் வருவதற்குச் சற்று முன்னால் அம்மா தாழ்ந்த குரலில், “உபதேசியாரையும்” என்பார். அதற்குப் பிறகுதான் ஆமென்.

நான் குவைத்துக்கு வந்த பிறகு என் பேர் முதலுக்கு மாறிவிட்டது என்று தம்பி சொன்னான். தூரத்தில் இருக்கிறவர்கள் முதலில். உங்களுக்கும் அப்படி யாராவது இருந்திருப்பார்கள். எந்த மதமாக இருந்தால் என்ன, விளக்கு வைத்த நேரத்தில் உங்கள் பேரை வாய்விட்டுச் சொன்ன ஒரு பாட்டியோ, தாயோ. சொல்லப்பட்டுக்கொண்டிருக்கும் வரை அது நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. டியூட்டி, வாடகை, இக்காமா புதுப்பிப்பு என்று நாள் ஓடிக்கொண்டிருக்கும். தினமும் ஒரு நேரத்தில் எங்கோ ஓர் ஓட்டு வீட்டில் நம் பேர் சொல்லப்படுகிறது என்பது, சம்பளத்தில் பிடிக்காமல் கிடைக்கும் சலுகை மாதிரி தன்பாட்டில் இருந்துகொண்டிருக்கும்.

2020 மார்ச்சில் குவைத் விமான நிலையம் மூடியது. அது மூடியிருந்த மாதங்களில் ஒரு விடியற்காலையில் அப்பா போனார். கொரோனா அல்ல, நெஞ்சு. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேரை அடக்கம் பண்ணியவர். ஐயர் வர முடியாத மழை நாட்களில் குடை பிடிக்கக்கூட ஆளில்லாமல் கல்லறைத் தோட்டத்தில் நின்று ஆராதனை முடித்தவர். அவருக்கு இருபது பேர்தான். சட்டம் அப்படி. மற்றவர்கள் அவரவர் வீட்டு வாசலில் நின்றார்களாம், பெட்டி போகிற வழி நெடுக. தம்பி கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான். படம் நின்று நின்று வந்தது. மணிச்சத்தம் வந்தது, புது உபதேசியார் அடித்தது. நன்றாகத்தான் அடித்தார்.

அதற்குப் பிறகு அழுத்தமாக எதையும் சொல்ல எனக்கு வரவில்லை. அடுத்த ஷிஃப்டுக்குப் போனேன். எல்லோரும் முகமூடி போட்டிருந்த காலம், அது ஒரு வசதி.

இப்போது ஊரில் அம்மா தம்பியோடு இருக்கிறார். ஊரில் ஏழரை என்றால் இங்கே ஐந்து. காணொளியில் கூப்பிடுவேன். அம்மாதான் ஜெபம் பண்ணுகிறார். அவருடைய ஜெபம் வேறு மாதிரி. வருகைப் பதிவேடு கூப்பிடுகிற வேகம். இளைப்பு இருப்பதால் நடுவே நிறுத்திக்கொள்வார். என் பேர் வருகிறது, என் பிள்ளைகள் பேர் வருகிறது, தம்பி வீடு வருகிறது. தெருக்காரர்கள் பாதிப் பேரை விட்டுவிடுகிறார். விட்டால் விடட்டும், முழங்காலில் நிற்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து சொல்கிறார்.

ஆமெனுக்கு முன்னால் ஓர் இடைவெளி வரும். பல நாள் அதை நெட்வொர்க் கோளாறு என்றே நினைத்திருந்தேன். அம்மா தன் பேரைச் சொல்லமாட்டார். அதைச் சொல்லவேண்டியவர் அப்பா. இப்போது அந்த இடத்தில் நான் கனைத்துக்கொண்டு, “டீச்சரையும்” என்கிறேன். அம்மா ஆமென் சொல்லிவிட்டு, “சாப்பிட்டியாட்டி?” என்று கேட்கிறார். இன்னும் இல்லை, ஏழு மணிக்கு டியூட்டி என்கிறேன்.